மனை வாங்கும் முன் இணையச் சிட்டா: ஒரு பயனரின் மதிப்பீடு

கும்பகோணத்துக்கு அருகே மனை பார்த்திருந்த மைத்துனருக்காகத் தமிழ்நாடு அரசின் இணையவழி நில ஆவணச் சேவையில் இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டேன். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்தால், நிலத்தின் உரிமையாளர், வகை, பரப்பு ஆகியவற்றைக் காட்டும் சிட்டா கட்டணமின்றிக் கிடைக்கிறது. கிராம நிலங்களின் விவரப் பதிவேடான அ-பதிவேடும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் அப்படியே.

இடத்தில் கல் ஊன்றி, கொடி நட்டு, செம்மண் சாலையும் போட்டிருந்தார்கள். சிட்டாவிலோ புன்செய்க் கட்டம் காலியாக இருக்க, நன்செய்க் கட்டத்தில் "0 - 40.50", அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர், என்று இருந்தது. புலப்படத்தை விரித்தபோதுதான் விஷயம் தெளிவானது: மனைக்காரர்கள் சாலை என்று காட்டிய இடத்தில் படத்தில் வாய்க்கால் ஓடியது. இந்த ஒரு படத்துக்காகவே இச்சேவையைப் பாராட்டலாம்.

ஆனால் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்குச் சிட்டாவில் விடை இல்லை. நன்செய் என்று அது சொல்கிறது. அதை மனையாக்க அனுமதி பெறப்பட்டதா என்று சொல்வதில்லை. திட்டப் பகுதிக்கு (நகரமைப்புத் திட்டத்துக்கென அறிவிக்கப்பட்ட பகுதிக்கு) வெளியே நன்செய் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் இசைவு தேவை. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20-ஐ எல்லை நாளாக வைத்துப் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் வகுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வரன்முறை, விதியை மதித்துக் காத்திருந்தவர்களைச் சற்று ஏமாளிகளாக்கியது என்பது என் எண்ணம்.

"இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இங்கே அரசே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்றார் தரகர். அந்த மண்டலத்துக்கான 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு அகழ்வு, தாமிர உருக்காலை போன்ற பெருந்தொழில்களை. வீட்டுமனை அந்தத் தடைப்பட்டியலிலேயே இல்லை. டெல்டாவின் வயல்களை உருக்காலையிடமிருந்து காக்கும் சட்டம், செம்மண் சாலையிடமிருந்து காப்பதில்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். பயன்பாடு மாற்றிய ஆணையின் எண்ணும் நாளும் சிட்டாவிலேயே ஒரு வரியாக வந்தால் ஐந்தும் தருவேன். ஆட்சியரின் இசைவாணை நகலை மைத்துனர் கேட்டு மூன்று வாரமாகிறது. தரகர் இன்னும் அனுப்பவில்லை, முன்பணமும் கைமாறவில்லை.