வாக்குரிமைச் சட்டம் 1965: 5ஆம் பிரிவா, 2ஆம் பிரிவா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்கைக் காக்க இந்தச் சட்டம் இரண்டு வழிகளை வைத்தது. 5ஆம் பிரிவு முன்கூட்டியே தடுப்பது. வாக்குரிமையில் பாகுபாடு காட்டிய வரலாறுள்ள அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் ஒரு வாக்குச்சாவடியை இடம் மாற்றுவதானாலும், முதலில் மத்திய நீதித்துறையிடமோ வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்திடமோ ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. நீதித்துறை ஆட்சேபிக்க 60 நாள் அவகாசம் இருந்தது. மாற்றத்தில் இனப் பாகுபாடு இல்லை என்று நிரூபிப்பது மாநிலத்தின் பொறுப்பாக இருந்தது.

2ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் பொருந்தும். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள்தான் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். 1980இல் உச்ச நீதிமன்றம் உள்நோக்கத்தையும் நிரூபிக்கச் சொன்னது. பாகுபாடான விளைவைக் காட்டினாலே போதும் என்று 1982 திருத்தம் அதை மாற்றியது.

சிக்கல் காலதாமதம்தான். அலபாமா 2021இல் வரைந்த தொகுதி வரைபடம் கறுப்பின வாக்கின் வலுவைக் குறைக்கிறது என்று 2ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள்; வரைபடத்துக்கு எதிரான தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதிசெய்தது. அதற்குள் 2022 தேர்தல் அதே வரைபடத்தில் நடந்து முடிந்துவிட்டது!

அதனால்தான் 5ஆம் பிரிவே வலுவானது என்கிறேன். எந்தெந்த மாநிலங்களுக்கு அது பொருந்தும் என்று தீர்மானித்த சூத்திரத்தை, 2013 ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5-4 தீர்ப்பு ரத்துசெய்தது. அதனால் 5ஆம் பிரிவு ஏட்டளவில் நின்றது. 5ஆம் பிரிவின்படி 2012இல் தடுக்கப்பட்டிருந்த, வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கேட்கும் சட்டம் இனி அமலாகும் என்று டெக்சாஸ் அன்றே அறிவித்தது.