துப்பறிவாளர் ஆன்லைன் பயிற்சி: சேரலாமா?

தனியார் துப்பறிவாளர் ஆகும் ஆசையில் சேர்ந்த வகுப்பு இது. 1833இல் பாரிஸில் விடோக் என்பவர் தனியார் துப்பறியும் நிறுவனம் தொடங்கிய கதையோடு ஆரம்பித்தார்கள். சரி, சுவாரசியம்தான்.

உருப்படியானது கண்காணிப்புக் குறிப்பு எழுதும் பாடம். 'பதற்றமாக இருந்தார்' என்று எழுதினால் ஆசிரியர் அந்த வரியையே அடித்துவிடுவார். '4.10க்கு வெளியே வந்தார், இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்' என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஊகம் நீதிமன்றத்தில் எடுபடாது. மணிக்கணக்காகக் காரில் காத்திருப்பதைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார்கள். (கழிப்பறைக்கு எப்போது போவது என்பதற்கே தனிப் பகுதி!)

உரிமம் பற்றி ஒரே ஒரு ஸ்லைடு. பல நாடுகளில் அது இல்லாமல் தொழிலே செய்ய முடியாது. அடுத்தவர் போனை ஒட்டுக்கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் மட்டும் பளபளவென்று வந்தது. அறிக்கை எழுதப் பழக நினைப்பவர்கள் சேரலாம்.