வீட்டிலிருந்து அலுவலக சர்வருக்கு: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

திருப்பூரிலோ கோவையிலோ நாற்பது, ஐம்பது பேர் வேலை செய்யும் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். மாடிப்படிக்கு அடியில் உள்ள சிறிய அறையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. டேலி கணக்குகள், ஆர்டர்களைக் கவனிக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள், பல ஆண்டுக் கோப்புகள் குவிந்த பொது ஃபோல்டர் ஆகியவை அதில்தான் இருக்கின்றன. கணக்குப் பிரிவினர் சிலரும் மெர்ச்சன்டைசர்கள் சிலரும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே இவற்றைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு எந்த வழியைத் தருவது?

விற்க வருபவர்கள் எல்லோரும் முதலில் பேசுவது குறியாக்கத்தின் (தரவை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதன்) வலிமையைப் பற்றி. அதில் இன்று இந்த வழிகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லோ லேப்டாப்போ பிறர் கைக்குப் போய்விட்ட நாளில், எடுத்தவன் அலுவலகத்துக்குள் எவ்வளவு தூரம் நடமாட முடியும் என்பதில்தான் இவை உண்மையில் வேறுபடுகின்றன. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியை அளவுகோலாகக் கொண்டது.

மிக மலிவான வழி, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை) திறந்துவிட்டு, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நேரே சர்வருக்குள் நுழைவது. கணினி பழுதுபார்க்க வருபவர் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்பதால் சிறு அலுவலகங்களில் இது பரவலாக உள்ளது. ஆனால் இணையம் முழுவதையும் ஓயாமல் துழாவும் தானியங்கி நிரல்களுக்குத் திறந்த போர்ட் ஒன்றைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. எண்ணை 3390 என்று மாற்றி வைத்தாலும், எந்த எண்ணில் ரிமோட் டெஸ்க்டாப் பதில் சொல்கிறது என்பதை அவை கண்டறிந்துவிடும். கண்டபின் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது அவற்றுக்குச் சலிக்காத வேலை. சில சமயம் கடவுச்சொல்லே தேவைப்படாது. 2019 மே மாதம் வெளிவந்த ப்ளூகீப் என்ற ஓட்டை அத்தகையது. லாகின் செய்யாமலேயே கணினியைக் கைப்பற்ற அது இடம் கொடுத்தது. 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் தீவிரத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஊழியர்களின் ஐ.பி. முகவரிகளுக்கு மட்டும் அனுமதி தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் மொபைல் இணைப்புகளிலும் பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்கிறார்கள்; அந்த முகவரியும் அடிக்கடி மாறும். ஆகவே அந்தத் தடுப்பு நிலைக்காது. இந்த வழியை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை; பலர் இன்னும் இதில் இருப்பதால் குறிப்பிட நேர்ந்தது.

அடுத்தது வி.பி.என். ஊழியரின் கணினியிலிருந்து அலுவலக வலையமைப்பு வரை குறியாக்கப்பட்ட ஒரு சுரங்கப்பாதையை இது அமைக்கிறது. அதன்பின் அந்தக் கணினி அலுவலக மேசையில் இருப்பதைப் போலவே நடந்துகொள்ளும். எந்த மென்பொருளானாலும் மாற்றமின்றி ஓடும் என்பதே இதன் பெரிய பலம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் கையில் எடுத்தது இதைத்தான். அதற்கு முன்பு பி.பி.ஓ. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் பிணைத்தொகையும் தனி வகை வி.பி.என். இணைப்பும் கேட்டன, அந்த மாதத்தில்தான் அவை தளர்த்தப்பட்டன. சிலர் மட்டுமே பயன்படுத்துவார்கள் என்று கணக்கிட்டு வாங்கிய கருவிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தபோது அவை மூச்சுத் திணறின. வீடியோ கூட்டங்கள் கூட வீட்டிலிருந்து அலுவலகம் வந்து மறுபடி வெளியே போனதால் நெரிசல் இன்னும் கூடியது. அலுவலக சர்வருக்கான போக்குவரத்தை மட்டும் சுரங்கத்தில் விட்டு மற்றதை நேரே இணையத்துக்கு அனுப்பும் பிரிவழி முறையை மைக்ரோசாஃப்ட்டே தன் அலுவலகச் செயலிகளுக்குப் பரிந்துரைத்தது.

வேகத்தைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். நம் அளவுகோலில் வைத்தால்தான் வி.பி.என்.-இன் உண்மையான குறை தெரியும்: வாசலில் ஒருமுறை சோதித்துவிட்டு வீடு முழுவதையும் திறந்து காட்டுவது அதன் இயல்பு. அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு 2021 மே மாதம் நேர்ந்தது அதுதான். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு, அதற்குக் கடவுச்சொல்லுக்குப் பிறகு ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கவில்லை என்று நிறுவனத்தின் தலைவர் அமெரிக்க செனட்டில் சொன்னார். இருந்தும் அந்த ஒரு கணக்கின் வழியே நுழைந்தவர்களால் கிழக்குக் கடற்கரைக்கு எரிபொருள் கொண்டு செல்லும் குழாய் சில நாள் நின்றது. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பிணைப்பணம் கட்டியது.

வாசலே உடைவதும் உண்டு. ஃபோர்ட்டிநெட் நிறுவனத்தின் வி.பி.என். கருவிகளில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2019-இல் திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டிருந்தவையும், போட்ட பிறகு கடவுச்சொற்களை மாற்றாதவையுமாகச் சுமார் 87,000 கருவிகளின் லாகின் விவரங்கள் 2021 செப்டம்பரில் பொதுவெளிக்கு வந்தன. 2024 ஜனவரி இறுதியில் இவாண்டி நிறுவனத்தின் வி.பி.என். கருவிகளை இரண்டு நாளுக்குள் வலையமைப்பிலிருந்து துண்டிக்குமாறு அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை தன் அரசுத் துறைகளுக்கு உத்தரவிட்டது. பாதுகாப்புக்காக வாங்கி வைத்த பெட்டியைக் கழற்றி வைக்கச் சொல்லும் நிலை அது. இணையத்தை நோக்கி எப்போதும் திறந்திருக்கும் கருவி எதுவானாலும், அதைத் தொடர்ந்து பேட்ச் செய்ய, அதாவது திருத்தங்களைப் போட, ஓர் ஆள் வேண்டும். நமது ஏற்றுமதி அலுவலகத்தில் அந்த ஆள் இல்லை.

இந்தக் குடும்பத்தில் வயர்கார்டு என்ற மென்பொருளைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 4,000 வரி நிரல் மட்டுமே கொண்ட இது, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான 5.6 கெர்னலிலேயே இடம்பெற்றது. சரியான டிஜிட்டல் சாவி இல்லாமல் வந்து தட்டுபவருக்கு எந்தப் பதிலும் தராது என்பதால், துழாவும் நிரல்களின் கண்ணுக்கு அங்கே ஏதும் இருப்பதாகவே தெரியாது. ஆனால் அது நம்புவது லேப்டாப்பில் இருக்கும் சாவியை. மனிதரை அது அறியாது. லேப்டாப் தொலைந்தால் சாவியும் சேர்ந்தே போகும். பயனர் லாகின், இரண்டாவது சரிபார்ப்பு ஆகியவற்றை அதன்மேல் கட்டித் தருபவற்றுள் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் பெயர்பெற்றவை. யார் எந்தக் கணினியின் எந்தப் போர்ட்டை எட்டலாம் என்று அவற்றில் விதி எழுத முடியும். விதி எழுதாமல் விட்டால் அதுவும் பழைய வி.பி.என். போலவே எல்லாவற்றையும் காட்டும்.

இங்கே டேலியைப் பற்றி ஒரு சொல். பொது ஃபோல்டரில் உள்ள டேலித் தரவை, வீட்டுக் கணினியில் நிறுவிய டேலி கொண்டு வி.பி.என். வழியாகத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலக லேன் வேகத்தை எதிர்பார்த்து அது கோப்புகளைப் படிக்கும். வீட்டு இணைப்பின் தாமதத்தில் ஒரு வவுச்சர் சேமிக்கவே காத்திருக்க வேண்டியிருக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் தரவு பழுதாகும் ஆபத்தும் உண்டு. அத்தகைய மென்பொருளுக்குப் பொருத்தமானது மூன்றாவது வழி.

அது திரையை மட்டும் அனுப்பும் வழி. மென்பொருளும் தரவும் சர்வரிலேயே இருக்கும். வீட்டுக்கு வருவது படம், அங்கிருந்து போவது விசைத்தட்டும் மவுஸும் தரும் அசைவுகள். சிட்ரிக்ஸ், அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப், அமேசான் ஒர்க்ஸ்பேசஸ் ஆகியவை இதன் பெரிய வடிவங்கள். விண்டோஸ் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே சிறிய வடிவம். முதலில் சொன்ன திறந்த 3389-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, நடுவில் நின்று ஆளைச் சோதிக்கும் அந்த கேட்வேதான். வாடிக்கையாளரின் டிசைன் கோப்போ சம்பளப் பட்டியலோ ஊழியரின் சொந்தக் கணினியில் படியக் கூடாது என்றால் இதற்கு நிகரான வழி இல்லை. ஆனால் கிளிப்போர்டையும் டிரைவ் பகிர்வையும் அணைத்து வைத்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். பெரும்பாலும் அவை திறந்தே கிடக்கின்றன.

செலவு இங்கே குத்தும். விண்டோஸ் சர்வரில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். சாதாரண விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் ஒருவரைத்தான் அனுமதிக்கும். அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் குறுக்கு நிரலைப் போட்டுப் பிழைப்பு நடத்தும் அலுவலகங்கள், உரிம மீறலோடு அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பில் எல்லாம் நின்றுபோகும் ஆபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றன. சர்வர் அலுவலகத்தில் இருக்கும்வரை மின்வெட்டும் யு.பி.எஸ். பேட்டரியும் வீட்டிலிருப்பவருக்கும் பிரச்சினைதான்.

நான்காவது வழிக்குச் சந்தையில் ஜீரோ டிரஸ்ட் என்று பெயர், பழைய வி.பி.என். பெட்டிக்கே இப்பெயரை ஒட்டி விற்பவர்களும் உண்டு என்பதால் பெயரைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. தன் கணினிகளில் 2009-இல் நடந்த ஊடுருவலை 2010 ஜனவரியில் வெளிப்படுத்திய கூகுள், அதன்பின் தன் ஊழியர்களுக்கு வி.பி.என். தேவையில்லாத பியாண்ட்கார்ப் என்ற அமைப்பைக் கட்டி, 2014-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அலுவலக வலையமைப்புக்குள் இருக்கிறார் என்பதற்காக எவரையும் நம்பாமல், ஒவ்வொரு செயலிக்கும் ஆளையும் கருவியையும் தனித்தனியே சோதிப்பது அதன் அடிப்படை. 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் இதற்கு முறையான வரையறை தந்தது.

நடைமுறையில், அலுவலகத்தில் நிறுவும் ஒரு சிறு இணைப்பி சேவை நிறுவனத்தை நோக்கி வெளியே இணைப்பு எடுக்கும். ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஊழியர் பிரவுசரில் ஈ.ஆர்.பி. முகவரியைத் திறந்து, தன் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், அவருக்கு அனுமதிக்கப்பட்ட அந்த ஒரு செயலி மட்டும் தெரியும். நம் அளவுகோலில் இதுவே முதலிடம்: மெர்ச்சன்டைசரின் கணக்கைத் திருடியவன் ஆர்டர் பக்கத்தைப் பார்ப்பானே தவிர, சர்வரின் ஃபோல்டர்களைப் பார்க்க மாட்டான். பதிவேடுகளிலும் இதற்கே சாதகம். இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒருவர் எப்போது நுழைந்து எப்போது வெளியேறினார் என்பதோடு நின்றுவிடும் வி.பி.என். பதிவைக் காட்டிலும், எந்தச் செயலியை யார் திறந்தார் என்று சொல்லும் பதிவு அந்த 6 மணி நேரத்தில் எவ்வளவோ உதவும்.

குறைகளும் சிறியவை அல்ல. பிரவுசரில் ஓடாத மென்பொருளுக்குக் கணினியில் ஏஜென்ட் எனப்படும் தனித் துணை மென்பொருள் வேண்டும். அங்கே வசதி குறையும். மேலும் வாசற்காவலை வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். 2025 நவம்பர் 18 அன்று, இத்தகைய சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தடுமாறியபோது, அதன் வழியாக அலுவலகச் செயலிகளுக்குள் நுழையும் லாகின்களும் பரவலாகத் தோற்றன. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, ஊழியர்கள் வெளியே நிற்கும் அந்த நிலைக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் இவ்வழியில் இறங்கக் கூடாது.

எந்த வழியானாலும் இரண்டாவது சரிபார்ப்பின் தரம் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். 2022 செப்டம்பரில் ஊபரின் ஒப்பந்ததாரர் ஒருவருக்கு ஒப்புதல் கேட்டு அறிவிப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. முதலில் மறுத்தவர் கடைசியில் ஒன்றை ஏற்றார், ஊடுருவியவன் உள்ளே போனான். அதே ஆண்டு ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் ஊழியர்கள் மூவர் போலிப் பக்கத்தில் தங்கள் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் கையடக்கப் பாதுகாப்புச் சாவி கட்டாயம் என்பதால் திருடியவர்களால் நுழைய முடியவில்லை. போலிப் பக்கத்தில் ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கிவிடலாம். அந்தச் சாவியோ உண்மையான முகவரிக்கு மட்டுமே பதில் தரும்.

நம் அலுவலகத்துக்கு நான் சொல்லக்கூடியது இது. பிரவுசரில் ஓடும் ஈ.ஆர்.பி.யை நான்காவது வழியில் வைக்கலாம். இந்த அளவு அலுவலகத்துக்கு இலவசத் திட்டமே போதுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. டேலியைச் சர்வரிலேயே ஓட்டி, முறையான உரிமத்துடன் திரையாகத் தரலாம். அந்த ரிமோட் டெஸ்க்டாப்பை வயர்கார்டு வகைச் சேவைக்குப் பின்னால் ஒளித்து, கணக்குப் பிரிவினருக்கு அந்த ஒரு போர்ட்டை மட்டும் அனுமதிக்க வேண்டும். முழு வலையமைப்பையும் எட்டும் வி.பி.என். சர்வரைப் பராமரிக்கும் ஓரிருவருக்குப் போதும். நான்காவது வழி முடங்கும் நாளில் அவர்களின் வி.பி.என்.-தான் மாற்று வாசல். பாதுகாப்புச் சாவியைக் கணக்குப் பிரிவிலிருந்தும் நிர்வாகிகளிடமிருந்தும் தொடங்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஓரிரு வாரம் ஆகும். ரவுட்டரில் 3389 திறந்திருந்தால் அதை மூட இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதை இன்று மாலையே செய்துவிட்டு, அந்த ஓரிரு வாரமும் கணக்குப் பிரிவினரை அலுவலகத்துக்கே வரச் சொல்லிவிடலாம்.