ஒரே படம் இரண்டு முறை: கேமராவில் நிறுத்துவதா, காப்பி செய்யும்போது வடிகட்டுவதா, பிறகு அழிப்பதா?

பெரியம்மா மகன் என் கேமராவை ஒரு வளைகாப்புக்கு வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் இரவு போன் வந்தது. "அண்ணே, கேமரா கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். எல்லாப் படமும் ரெண்டு ரெண்டா இருக்கு, சிலது நாலு." பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் காட்டியிருக்கிறான். கார்டு போயிடுச்சு, புதுசு வாங்குங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். ஃபோல்டரில் 1,124 ஃபைல். அவன் ஷட்டரை அழுத்தியது 412 தடவை. இரண்டு மடங்கு என்றால் 824. மீதி 300 எங்கிருந்து வந்தது? "நடுவுல ஒருதடவை காப்பி பண்ணியா?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, மத்தியானம் 150 படம் எடுத்தப்போ." அதுதான் அந்த 300. மாலையில் கார்டு முழுவதையும் அதே ஃபோல்டரில் மறுபடி போட்டிருக்கிறான். ஒரே பெயரில் ஃபைல் இருக்கிறதே என்று விண்டோஸ் கேட்டபோது, இரண்டையும் வைத்துக்கொள் என்று டிக் அடித்துவிட்டான். கேமராவும் கெடவில்லை, கார்டும் போகவில்லை. ஒரு ரெட்டிப்பு கேமராவுக்குள் நடந்தது, இன்னொன்று லேப்டாப்பில்.

இதைச் சரிசெய்ய மூன்று வழி இருக்கிறது. கேமரா செட்டிங்கிலேயே நிறுத்துவது, கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது வடிகட்டுவது, எல்லாம் வந்தபின் மென்பொருள் வைத்துத் தேடி அழிப்பது. பெரும்பாலானவர்கள் மூன்றாவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதுதான் மூன்றிலும் ஆபத்தானது.

முதலில் எது நகல், எது நகல் மாதிரி தெரிவது என்று பிரிக்க வேண்டும். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசியில் வகையைச் சொல்லும் எழுத்துகளை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைத்தே காட்டும். அதனால் தம்பி திரையில் டிஎஸ்சி_0412 என்று ஒன்றும், பக்கத்திலேயே டிஎஸ்சி_0412 என்று இன்னொன்றும் தெரிந்தன. ஒரே ஃபோல்டரில் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கவே முடியாது. வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னதும் குட்டு உடைந்தது: ஒன்று ஜேபிஜி, மற்றது என்இஎஃப். அதாவது நிக்கானின் ரா ஃபைல், கேமரா சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருப்பது. கேனன் என்றால் சிஆர்2 அல்லது சிஆர்3, சோனி என்றால் ஏஆர்டபிள்யூ, ஃப்யூஜி என்றால் ஆர்ஏஎஃப் என்று முடியும். பெயரின் வாலில் அடைப்புக்குறிக்குள் 2 என்று இருந்தால் மட்டுமே அது காப்பி செய்ததில் வந்த நகல்.

சரி, முதல் வழிக்கு வருவோம். இமேஜ் குவாலிட்டி மெனுவில் மூன்று தேர்வு இருக்கும்: ஜேபிஜி மட்டும், ரா மட்டும், இரண்டும் சேர்த்து. 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபைல் ஏறக்குறைய 25 எம்பி, நல்ல தரத்தில் ஜேபிஜி 10 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி கார்டில் ஜேபிஜி மட்டும் என்றால் ஆறாயிரத்தைத் தாண்டும். ரா மட்டும் என்றால் சுமார் 2,500. இரண்டும் என்றால் 1,800 படம்.

வீட்டு விசேஷம், வாட்ஸ்அப்பில் உடனே அனுப்ப வேண்டும், எடிட் செய்ய ஆள் இல்லை என்றால் ஜேபிஜி போதும். இதைச் சொன்னால் கேமரா பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் திறந்தே பார்க்காத ராவுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குவது வீண் செலவு. விளக்கு வெளிச்சம், பட்டுப்புடவைச் சரிகை, ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்த முகம் என்று வெளிச்சம் ஏறுமாறாக இருக்கும் இடத்தில் ரா உயிரைக் காப்பாற்றும். இருட்டில் மூழ்கிய முகத்தை அதிலிருந்து மீட்கலாம், ஜேபிஜியில் அந்த அளவுக்கு முடியாது.

இரண்டும் சேர்த்து எடுப்பதற்குச் சொல்லும் காரணம், உடனே கொடுக்க ஒரு ஜேபிஜி வேண்டும் என்பது. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ரா ஃபைலுக்குள்ளேயே ஒரு ஜேபிஜி ஒளிந்திருக்கிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் ரா படத்தைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது அதைத்தான். நிக்கான், கேனனில் அது முழு அளவிலேயே இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி, நூற்றுக்கணக்கான ராக்களிலிருந்து அவற்றை ஒரே கட்டளையில் உருவிக் கொடுத்துவிடும். சோனியின் பழைய ஏஆர்டபிள்யூ ஃபைல்களில் உள்ளே இருப்பது 1616-க்கு 1080 பிக்சல்தான், பிரிண்ட் போடப் போதாது. ஆகவே நிக்கான், கேனன்காரர்களுக்கு என் தேர்வு ரா மட்டும். பழைய சோனி வைத்திருப்பவர் இரண்டையும் எடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து, இரண்டு கார்டு போடும் கேமராக்கள். நிக்கானில் இரண்டாவது ஸ்லாட்டுக்கு மூன்று வேலை கொடுக்கலாம்: முதல் கார்டு நிரம்பினால் மாற்றிக்கொள்வது, ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் எழுதுவது, ரா ஒன்றிலும் ஜேபிஜி இன்னொன்றிலும் பிரித்து எழுதுவது. கேனனிலும் சோனியிலும் பெயர் வேறு, விஷயம் இதேதான். இரண்டிலும் எழுதும்படி வைத்துவிட்டு, அப்புறம் இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் படம் இரட்டிப்பாகத்தான் வரும். அது குறை அல்ல, காப்பீடு. பணம் வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர் இதை அணைக்கவே கூடாது, தாலி கட்டுவதை யாரும் இன்னொரு முறை செய்து காட்டப் போவதில்லை. இரண்டில் ஒரு கார்டு மெதுவானது என்றால் கேமராவும் அதன் வேகத்துக்குத்தான் நடக்கும், அது ஒன்றுதான் தொந்தரவு. பிரித்து எழுதும் முறை எனக்குப் பிடித்தது: ஜேபிஜி கார்டை உறவினர் கையில் அங்கேயே கொடுத்துவிடலாம், ரா கார்டு நம் பையில் இருக்கும்.

ஒரு அழுத்தலுக்கு மூன்று படம், ஒன்று இருட்டு, ஒன்று சரி, ஒன்று வெளுப்பு என்று வந்தால் பிராக்கெட்டிங் ஆன் ஆகியிருக்கிறது, அணைத்துவிடுங்கள். மேக் கணினியில் செருகிய கார்டை விண்டோஸில் திறக்கும்போது புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும், திறக்கவே திறக்காத குட்டி ஃபைல்கள் படத்துக்கு ஒன்றாகத் தெரிந்தால், அவை மேக் விட்டுப்போன குறிப்புகள். பயமில்லாமல் நீக்கலாம்.

இரண்டாவது வழி, மாற்றும்போது வடிகட்டுவது. படங்களை அடுக்கவும் எடிட் செய்யவும் அடோபி தரும் லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருள் இதில் கெட்டி. சந்தேகப்படும் நகல்களை எடுக்காதே என்று ஒரு டிக் இருக்கிறது. ஃபைல் பெயர், எடுத்த நேரம், ஃபைல் அளவு மூன்றையும் பார்த்துத்தான் அது தீர்மானிக்கும். ஜேபிஜியை ராவிலிருந்து தனிப் படமாக நடத்தாமல் விட்டால், ஜோடியை ஒரே படமாகவே காட்டும். விண்டோஸின் காப்பி பெட்டியோ பெயரைப் பார்த்துத்தான் கேள்வியே கேட்கிறது. கேமராவின் எண் 0001-இல் தொடங்கி 9999 வரை போய்த் திரும்ப 0001-க்கு வரும். புதிய கார்டு போடும்போதெல்லாம் எண்ணை முதலிலிருந்து தொடங்கும் செட்டிங்கும் கேமராக்களில் உண்டு. அப்படி இருக்கும்போது ஸ்கிப் கொடுத்தால், அதே பெயரிலுள்ள வேறு படம் சத்தமில்லாமல் விடுபடும். ரீப்ளேஸ் கொடுத்தால் பழைய படம் போய்விடும். தம்பி இரண்டையும் வைத்துக்கொண்டது உண்மையில் அந்தப் பெட்டியில் இருந்த தேர்வுகளில் புத்திசாலித்தனமானது. அவனைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். லைட்ரூம் இல்லாதவர்கள் ஒவ்வொரு காப்பிக்கும் தேதி போட்டு ஒரு புது ஃபோல்டர் வைத்தால் பெயர் மோதலே வராது.

மூன்றாவது, அழிக்கும் கருவிகள். ச்காஃப்கா (Czkawka), டூப்குரு (dupeGuru) என்று இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றுக்குள் இரண்டு விதமான தேடல் இருக்கிறது. ஒன்று, ஃபைலின் உள்ளடக்கம் பிட்டுக்குப் பிட்டு ஒன்றுதானா என்று பார்ப்பது. இதை நம்பலாம். தம்பியின் ஃபோல்டரில் கூடுதல் 300-ஐ இது ஒரு நிமிடத்தில் சரியாகக் காட்டியது. ராவையும் ஜேபிஜியையும் ஜோடி சேர்க்க இதற்குத் தெரியாது, அது வேறு வேறு ஃபைல் என்று விட்டுவிடும். மற்றது, பார்வைக்கு ஒத்த படங்களைத் தேடுவது. பழைய போன், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் என்று கலந்து கிடக்கும் குப்பையைக் கிளற இது நல்லது. விசேஷ ஆல்பத்தில் வேண்டாம்.

ஏன் என்று தம்பியே காட்டினான். அந்த 300-ஐ அழித்து, ராக்களைத் தனி ஃபோல்டருக்கு மாற்றி, ஜேபிஜி மட்டும் 412 ஆனதும் உற்சாகத்தில் ஒத்த படத் தேடலையும் ஓடவிட்டான். அத்தை வளையல் போடும் காட்சி, தொடர்ந்து ஏழு ஃபிரேம். பெரிய ஃபைலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்ததால், கருவி ஆறைக் குறித்துவிட்டு ஒன்றை விட்டது. டெலிட் அழுத்துவதற்கு முன் கையைப் பிடித்து, அந்த ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். பின்னால் சுவரில் தொங்கிய பூச்சரம் இதழ் இதழாகத் தெளிவாக இருந்தது, ஃபைல் பெரிதானது அதனால்தான். அத்தை கண்ணை மூடியிருந்தார். குறித்த ஆறில் நாலாவதில்தான் வளையல் மணிக்கட்டைத் தாண்டுகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். "இதையா தூக்கச் சொல்லுது?" என்று கேட்டுவிட்டு, ஆறின் டிக்கையும் எடுத்துவிட்டான்.