பைக் வீல் பேலன்சிங்: வீட்டு ஆக்ஸிலா, கடை மெஷினா, டயருக்குள் மணியா?

காருக்குப் புது டயர் போட்டால் பேலன்சிங் செய்தார்களா, அதாவது வீலின் கனம் சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் சிறு வெயிட் ஒட்டினார்களா என்று நின்று கேட்கிறோம். பைக்குக்கு யாரும் கேட்பதில்லை. டயரை ஏற்றி, காற்றடித்து, மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். மதுரையின் மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் உள்ளேயே ஓடும் வண்டி என்றால் அதில் ஒரு குறையும் தெரியாது. கப்பலூர் டோல்கேட் தாண்டி, திருமங்கலத்திலிருந்து விருதுநகர் போகும் நான்குவழிச் சாலையில் 70, 80 தொடும்போதுதான் ஹேண்டில் பாரில் ஒரு மெல்லிய நடுக்கம் கிளம்பும். அதற்கு வீட்டிலேயே வழி உண்டு. ஆனால் வழிகள் பல, எல்லாம் ஒரே தரமல்ல.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெரும்பாலானோர் ஓட்டும் 100 சி.சி. முதல் 350 சி.சி. வரையான வண்டிகளுக்கு, வீலைக் கழற்றி அதன் ஆக்ஸிலிலேயே, அதாவது நடுத்தண்டிலேயே, தொங்கவிட்டுச் செய்யும் பேலன்சிங் போதும். பணம் செலவழித்து வாங்கும் சில முறைகளைவிட அது நம்பகமானது.

20 கிராம் ஒரு பொருட்டா என்று தோன்றும். 17 இன்ச் ரிம்மின் விளிம்பில் 20 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் வீல் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுற்றும். அப்போது அந்த 20 கிராம் வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 2.5 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 12 முறை மேலும் கீழும், முன்னும் பின்னும் திரும்புகிறது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். அதனால்தான் 40-இல் தெரியாதது 80-இல் தெரிகிறது. ஊருக்குள் 50-ஐத் தாண்டாத ஸ்ப்ளெண்டருக்கு இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

வெயிட் ஒட்ட இறங்குவதற்கு முன், நடுக்கம் வீலிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். ஆளில்லாத நேரான சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். நடுக்கம் நின்றால் அது எஞ்சினின் வேலை. தொடர்ந்தால் வீல் பக்கம். ஹேண்டிலில் தெரிந்தால் பெரும்பாலும் முன்வீல், சீட்டிலும் ஃபுட்ரெஸ்டிலும் தெரிந்தால் பின்வீல். அப்புறம் வீலைத் தூக்கி நிறுத்தி, ரிம்முக்கு அருகில் ஒரு பேனாவை அசையாமல் பிடித்துச் சுற்றிவிடுங்கள். பேனாவுக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. ஸ்போக்ஸ் வீலில் முதலில் கோட்டம் எடுக்க வேண்டும். கோட்டமுள்ள வீலுக்கு வெயிட் ஒட்டுவதில் பயனில்லை. டயரின் பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா பாருங்கள். ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடிக்க வேண்டும். பேரிங் ஆட்டத்தையும், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட்டையும் இதோடு பார்த்துவிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லை என்றால் அடுத்த வேலை பேலன்சிங்.

வண்டியிலேயே வைத்தா, கழற்றியா?

எல்லா வீட்டு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தடையில்லாமல் சுற்றும் வீலில் கனமான இடம் தானாகக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே, மேலே, எடை சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வீல் எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும். "தடையில்லாமல்" என்ற சொல்லில்தான் முறைகளுக்குள் வித்தியாசமே வருகிறது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு வீலைக் கழற்றாமலே செய்வது சுலபம். ஆனால் முன் டிஸ்க்கில் பேடு எப்போதும் சற்று உரசிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் செயின் இழுக்கும். அந்த உரசல் 20, 30 கிராம் வித்தியாசத்தைக்கூட மறைத்துவிடும். வீல் நின்ற இடம் கனமான இடமா, பேடு பிடித்த இடமா என்று தெரியாது. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டால் முன்வீலில் ஓரளவு தேறும். அந்த நேரத்தில் யாரும் பிரேக் லீவரை அழுத்தக் கூடாது, பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் லீவருக்குப் பின்னால் ஒரு துணியை அடைத்து வைத்துவிடுங்கள். பின்வீலுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். செயின் லாக்கைக் கழற்றி, பிரேக் ராடையும் கழற்றிய பிறகு மிச்சமிருப்பது ஆக்ஸில் நட்டு ஒன்றுதான். அதையும் கழற்றிவிடுவதே மேல்.

கழற்றிய வீலின் ஆக்ஸிலை உள்ளே நுழைத்து, இரு முனைகளையும் ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூல்களிலோ சிமென்ட் கற்களிலோ தாங்கவிடுங்கள். கொத்தனார் ரசமட்டம் கிடைத்தால் வைத்துப் பாருங்கள். டிரம் பிரேக் வீல் என்றால் பிரேக் பிளேட்டைக் கழற்றிவிட வேண்டும். அது வீலோடு சுற்றும் பாகம் அல்ல. டிஸ்க் சுற்றும் பாகம், அது இருக்கட்டும். காற்று முழு அளவில் இருக்கட்டும், டிரெட் இடுக்கில் சிக்கிய கல்லையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆடிக் காற்றடிக்கும் நாளில் மொட்டை மாடியில் இதைச் செய்யாதீர்கள், காற்றே வீலைத் திருப்பிவிடும்.

இந்த முறையின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு நியாயமானது. வீல் சுற்றுவது அதன் சொந்த பேரிங்கில், அந்த பேரிங்கில் கிரீஸும் ரப்பர் சீலும் இருக்கின்றன, அவையும் தடைதானே? உண்மை. ஆனால் அந்தத் தடை எவ்வளவு என்பதை நீங்களே அளந்துவிடலாம். வீல் அசையாமல் நிற்கும்போது, கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில் ரிம்மில் 5 கிராம் ஒட்டுங்கள். வீல் மெல்ல இறங்கினால் உங்கள் ஏற்பாடு 5 கிராமை உணர்கிறது. அசையவில்லை என்றால் 10 கிராம். பிறகு அதே சோதனையை 9 மணியிலும் செய்து பாருங்கள். இரண்டு பக்கமும் 10 கிராமுக்குள் இறங்கினால், நம் சாலை வேகத்துக்கு அந்த ஏற்பாடு போதும். 20 கிராம் வைத்தும் அசையாத வீலில் பேலன்சிங் செய்ய முடியாது. பெரும்பாலும் அங்கே பேரிங்கே மாற்ற வேண்டிய நிலையில் இருக்கும்.

எடையைத் தற்காலிகமாக ஒட்டிப் பார்க்கப் பத்து ரூபாய் நாணயம் நல்ல கருவி. ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். இன்சுலேஷன் டேப்பில் ஒட்டி, இரண்டு வேண்டுமா மூன்று வேண்டுமா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அதே எடைக்கு ஒட்டும் வெயிட் வாங்கலாம். கார் டயர் கடைகளில் அலாய் வீலுக்கான 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக அது பட்டையாகக் கிடைக்கும். சரியானதும் வீலைக் கால்கால் சுற்றாகத் திருப்பி நான்கு நிலையிலும் விட்டுப் பாருங்கள். நான்கிலும் அசையாமல் நிற்க வேண்டும்.

60 கிராமுக்கு மேல் கேட்டால் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். டயரை இறக்கி, ரிம்மில் அரைச்சுற்று திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். டயரின் கனமான இடமும் ரிம்மின் கனமான இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். பிரித்துவிட்டால் ஒட்ட வேண்டிய எடை தானாகக் குறையும். சில டயர்களில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். அது டயரின் இலேசான இடம், அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றுவது வழக்கம்.

லேத்தில் கடைந்த ஸ்டாண்டு

அடுத்த படி, வீலின் பேரிங்கை நம்பாமல் வெளியே பேரிங் வைப்பது. நேரான ஒரு கம்பி, அதன் இரு பக்கமும் வீலை நடுவில் பிடித்து இறுக்கும் கூம்புகள், கம்பியின் முனைகள் உருள நான்கு சிறு பேரிங்குகள். இங்கே கம்பியும் வீலும் சேர்ந்து சுற்றுவதால் சீலின் தடை கணக்கில் வராது. ஸ்கேட் சக்கரத்தில் போடும் 608 பேரிங், அதாவது 8 மி.மீ. துளையும் 22 மி.மீ. வெளிவிட்டமும் உள்ளது, இதற்குப் பொருத்தம். அதன் கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஊதினாலே சுற்றும்.

கூம்பு கடைந்து தர மதுரையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூம்பும் துளையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும், கம்பி வளையாமல் இருக்க வேண்டும். அரை மி.மீ. மையம் விலகினாலும் 6 கிலோ வீல் ஒன்றில் அது ரிம்மில் ஏறத்தாழ 14 கிராம் தவறாகக் காட்டும். மோசமாகக் கடைந்த ஸ்டாண்டைவிட வண்டியின் சொந்த ஆக்ஸில் எவ்வளவோ மேல். அதனால் ஒரு வீட்டில் ஒரு பைக் மட்டும் இருந்தால் இந்தச் செலவு தேவையில்லை. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வைத்துக்கொள்வதாக இருந்தால், அல்லது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவராக இருந்தால், தாராளமாகச் செய்யலாம்.

மெஷின்

கடை மெஷினுக்கு ஒரு பலம் உண்டு. எடை இடது விளிம்பில் கூடுதலா, வலது விளிம்பில் கூடுதலா என்பதையும் அது சொல்லும். தொங்கவிட்ட வீல் அதைச் சொல்லாது. அகலமான கார் வீலுக்கு இது மிக முக்கியம். 100/80-17 போன்ற, 100 மி.மீ. அகலமே உள்ள ஒடுங்கிய பைக் டயரில் இடதும் வலதும் அவ்வளவு நெருங்கி இருப்பதால் வித்தியாசம் சிறிது. பின்னால் 150-க்கு மேற்பட்ட அகல டயர், நெடுஞ்சாலையில் மூன்றிலக்க வேகம் என்றால் மட்டும் மெஷினைத் தேடிப் போங்கள்.

போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, பைக் வீலுக்குத் தனி அடாப்டர் இருக்கா?" கார் மெஷினின் தண்டு பைக் ஹப் துளைக்குள் நுழையாது. அடாப்டர் இல்லாமல் எப்படியோ பிடித்துவைத்துச் சுற்றினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அடாப்டர் இருந்தாலும், வேலை முடிந்து திரையில் பூஜ்யம் வந்ததும், வீலைத் தளர்த்தி, தண்டில் அரைச்சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் அந்தக் கடையை நம்பலாம். வேறு எண் வந்தால் அடாப்டரின் பிழையை உங்கள் வீலில் ஒட்டியிருக்கிறார்கள்.

மணியும் திரவமும்

டயருக்குள் பொடிக் கண்ணாடி மணிகளைப் போட்டுவிட்டால், வேகத்தில் அவை தாமாக எதிர்ப்பக்கம் போய் அமர்ந்து சமன் செய்யும் என்று விற்கிறார்கள். தத்துவம் பொய்யல்ல. ஆனால் அது வேகத்தில் மட்டும் வேலை செய்யும். உள்ளே ஈரம் சேர்ந்தால் மணிகள் கட்டியாகும், வால்வு பின்னில் ஒன்று சிக்கினால் காற்று இறங்கும், பஞ்சருக்கு டயரைக் கழற்றினால் தரையெங்கும் கொட்டும். உள்ளே சீலன்ட் ஊற்றியிருந்தால் மணிகள் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒரு பயனும் இல்லை. கருவேல முள் நிறைந்த நம் பக்கத்துச் சாலைகளில் மணியைவிட சீலன்ட்தான் தேவைப்படும்.

சீலன்ட்டையே பேலன்சிங்குக்கும் மருந்தாகச் சொல்பவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். நாள்கணக்கில் நின்ற வண்டியில் அது அடியில் தேங்கும், காலப்போக்கில் காய்ந்து ஓரிடத்தில் கட்டியாகிப் புதுக் கனத்தை உண்டாக்கும். ஊற்றுவதாக இருந்தால் முதலில் பேலன்ஸ் செய்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒட்டுவது

வெயிட் ஒட்டிய வேகத்தில் விழுந்துவிடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் துடைக்காத ரிம். பெட்ரோலால் துடைத்தால் மெல்லிய பிசுக்கு தங்கிவிடும். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ரிம்மின் நடுவில் ஒட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 30 கிராம் வேண்டியிருந்தால் ஒரே ஓரத்தில் வைக்காமல் நடுக்கோட்டில் வரிசையாக வையுங்கள். ஸ்போக்ஸ் வீலுக்கு சால்டரிங் ஈயக் கம்பியை நிப்பிளுக்கு அருகில் ஸ்போக்ஸில் இறுக்கச் சுற்றி, மேலே டேப் போட்டால் நன்றாக நிற்கும். ஈயம் நஞ்சு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வீலை மாட்டும்போது ஆக்ஸில் நட்டை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, காலிப்பரைப் பொருத்தி, வெயிட் எதிலும் உரசவில்லை என்று கையால் சுற்றிப் பாருங்கள். கிளம்புவதற்கு முன், பிரேக் லீவர் கெட்டியாகும்வரை அதைப் பல முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். அடுத்த முறை டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்ட நேர்ந்தால், கழற்றுவதற்கு முன்பே வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கடைக்காரரிடம் அந்தக் கோட்டிலேயே திரும்ப ஏற்றச் சொல்லுங்கள்.