ஐஎஸ்ஓ ஃபைலுக்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டுமா? பழைய கல்யாண சிடிக்களை வைத்து ஒரு ரிவ்யூ

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ஐஎஸ்ஓ ஃபைல் (ஒரு முழு சிடியையோ டிவிடியையோ அப்படியே ஒரே ஃபைலாக நகல் எடுத்தது, இமேஜ் என்பார்கள்), கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிறகு வந்தது என்றால் எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். ஃபைலை டபுள் கிளிக் செய்தால் புதிதாக ஒரு டிரைவ் வந்து நிற்கும் (இதைத்தான் மவுண்ட் செய்வது என்பார்கள்), சிடி போட்ட மாதிரியே உள்ளே எல்லாம் இருக்கும், வேலை முடிந்ததும் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தால் போய்விடும். 2012லேயே வந்துவிட்ட வசதி. ஆனாலும் எங்கள் கும்பகோணத்தில் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும் கடைகள் சிலவற்றில் அந்தக் கையோடு இதே வேலையைச் செய்யும் டீமன் டூல்ஸ் என்ற சாஃப்ட்வேரையும் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கேட்டால் "இருக்கட்டும் சார், யூஸ் ஆகும்" என்பார்கள்.

டெல்டா பக்கம் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் புடவைக்கு அடியில் ஒரு கல்யாண சிடி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதில் பூஞ்சை பிடிக்கிறது, வீட்டுப் பிள்ளைகள் வாங்கும் லேப்டாப்பில் சிடி போட வழியே இல்லை. அதனால் மாயவரம் அத்தையிலிருந்து திருவாரூர் சித்தப்பா வரை எல்லோரும் "இதை எப்படியாவது எடுத்து வை தம்பி" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸில் உள்ள வசதி எங்கே நின்றுபோகிறது என்பது இந்தச் சிடிக்களில்தான் நன்றாகத் தெரிந்தது.

விண்டோஸ் தானாகத் திறப்பது ஐஎஸ்ஓ, சில ஐஎம்ஜி ஃபைல்கள், பிறகு ஹார்ட் டிஸ்க் இமேஜ்களான விஎச்டி, விஎச்டிஎக்ஸ். அவ்வளவுதான். சிடி எழுதும் சாஃப்ட்வேரான நீரோவில் எடுத்த என்ஆர்ஜி, இரண்டு ஃபைல்கள் ஜோடியாக வரும் பின்-க்யூ, எம்டிஎஃப்-எம்டிஎஸ் போன்ற வேறு வகை இமேஜ்கள் எதையும் அது கண்டுகொள்ளாது. 2000 வாக்கில் கல்யாணம் ஆனவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் டிவிடி கிடையாது, விசிடி, அதாவது வீடியோ சிடி. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு (சிடியைப் பிரித்திருக்கும் சின்னத் துண்டு) 2048 பைட் டேட்டா, ஐஎஸ்ஓவும் அந்தக் கணக்கில்தான் எடுத்து வைக்கும். விசிடி தன் வீடியோவை ஒரு செக்டாரில் 2324 பைட் வரை நெருக்கி வைத்திருப்பதால் அதை ஐஎஸ்ஓவாக எடுத்தால் படம் சிதைந்துபோகும். ஸ்டுடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் என்ஆர்ஜியாகவோ பின்-க்யூவாகவோ எடுத்து வைத்ததற்குக் காரணம் இருந்தது.

சரி, வீடியோ பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மவுண்ட் செய்யவே வேண்டாம். டிவிடியின் ஐஎஸ்ஓவை விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டால் மெனுவோடு ஓடும், விசிடியின் பின் ஃபைலும் அதிலேயே ஓடும். ஐஎஸ்ஓவுக்குள்ளிருந்து நாலு ஃபோட்டோ மட்டும் வேண்டுமென்றால் ஜிப் ஃபைல்களைப் பிரிக்கும் செவன்-ஜிப் போதும்.

தனி சாஃப்ட்வேர் உண்மையிலேயே தேவைப்படுவது டேட்டா சிடியை என்ஆர்ஜியாகவோ எம்டிஎஃப்பாகவோ யாரோ எடுத்து வைத்திருக்கும்போது: ஆல்பம் சிடி, டிடிபி கடைகளில் இருந்த பழைய தமிழ் ஃபாண்ட் சிடி, டிரைவில் சிடி இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் புரோகிராம். இதற்கு என் தேர்வு வின்சிடிஎமு. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் இல்லை, டபுள் கிளிக் செய்தால் டிரைவ் லெட்டர் கேட்கும், அதோடு சரி. இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் போர்ட்டபிள் பதிப்பும் உண்டு, ஆனால் போலி டிரைவைக் காட்டும் டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்ற அட்மின் அனுமதி வேண்டும் என்பதால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிவிடலாம் என்று கனவு காணாதீர்கள். குறை என்றால், வெகுநாளாகப் பெரிய அப்டேட் எதுவும் இல்லை. ஐஎஸ்ஓ, பின் போன்றவற்றுக்கு விர்ச்சுவல் குளோன்டிரைவும் நல்லதுதான், இலவசம்தான், செம்மறியாட்டுப் படம் போட்ட ஐகான், 15 டிரைவ் வரை வைத்துக்கொள்ளலாம். எனக்கு அத்தனை டிரைவ் எதற்கு என்று தெரியவில்லை.

டீமன் டூல்ஸ் லைட் இவை எல்லாவற்றையும்விட அதிக வகைகளைத் திறக்கும், ஆடியோ சிடி இமேஜையும் டிரைவாகக் காட்டும். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், பல வசதிகளுக்குக் காசு கேட்கும். திருவையாறு ஆராதனைக் கச்சேரியோ நாகஸ்வரமோ ஆடியோ சிடியாக இருந்தால் அதில் ஃபைல் சிஸ்டம் என்ற ஒன்றே கிடையாது, ஐஎஸ்ஓவாக எடுக்கவே முடியாது, பின்-க்யூதான் வழி. அதற்காகவும் இதைப் போட வேண்டுமா என்றால் வேண்டாம் என்பேன், க்யூ ஃபைலை ஃபூபார் 2000 என்ற மியூசிக் பிளேயரில் திறந்தால் பாட்டு பாட்டாகப் பிரிந்து வரும். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். க்யூ என்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், உள்ளே பின் ஃபைலின் பெயர் எழுதியிருக்கும், நீங்கள் பின் ஃபைலுக்கு மட்டும் "சித்தி கல்யாணம்" என்று பெயர் மாற்றினால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துபோகும். நோட்பேடில் க்யூவைத் திறந்து பெயரைத் திருத்தினால் சரியாகிவிடும்.

விண்டோஸின் சொந்த வசதியிலும் சில எரிச்சல்கள் உண்டு. ஃபைல்களைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் வின்ரார் போட்டிருந்தால் டபுள் கிளிக்கை அது பிடுங்கிக்கொள்ளும். ரைட் கிளிக், ஓப்பன் வித், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்று போக வேண்டும். எஜெக்ட் செய்யாமல் ஃபைலை அழிக்கப் போனால் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். ரீஸ்டார்ட் செய்தால் மவுண்ட் போய்விடும். கம்ப்ரஸ் செய்த ஃபோல்டரில் இருக்கும் ஐஎஸ்ஓவைத் திறக்காது. எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறவே ஏறாது, முழு டிவிடி இமேஜ் அதைத் தாண்டிவிடும் என்பதால் பென் டிரைவை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.

அப்புறம் கடை, ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு: மெயிலில் பில் என்று சொல்லி ஐஎஸ்ஓ வந்தால் தொடாதீர்கள். இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் போடும் அடையாளம் மவுண்ட் செய்த இமேஜுக்குள் இருக்கும் ஃபைல்களுக்குப் போகாமல் இருந்தது, வைரஸ் அனுப்புகிறவர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2022 நவம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது, அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

விண்டோஸ் 7 ஓடும் பழைய லேப்டாப் என்றால் அதில் ஐஎஸ்ஓவைச் சிடியில் எழுதத்தான் வசதி உண்டு, மவுண்ட் செய்ய இல்லை. அதற்கு வின்சிடிஎமு போடுங்கள், ஆனால் 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுபோனது என்பதால் நெட்டில் இணைக்காமல் சிடி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.