புதுத் தொட்டிக்குப் பழைய ஸ்பாஞ்சா, பாட்டில் பாக்டீரியாவா, நவச்சாரமா?

புது மீன் தொட்டி வாங்கினால் கடையில் கிடைக்கும் வழக்கமான யோசனை இது: “தண்ணி ரொப்பி ரெண்டு நாள் ஃபில்டர ஓட விடுங்க, அப்புறம் மீன் விடுங்க.” இரண்டு நாளில் மெட்ரோ வாட்டரின் குளோரின் பறந்துவிடும், உண்மைதான். ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா இரண்டு நாளில் முளைக்காது. அது தானாக வளர மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க நான்கைந்து வழிகள் சொல்லப்படுகின்றன. எல்லாம் ஒரே தரமில்லை.

முதலில் கழிக்க வேண்டியது பழைய தொட்டித் தண்ணீரை. இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், தொட்டி அடியிலுள்ள சரளைக் கல் போன்றவற்றின் மேல் வழவழப்பாகப் படிந்து வாழ்கிறது. இரண்டு வாளி பழைய தண்ணீரில் வருவது நைட்ரேட்டும் அழுக்கும்தான். பழைய சரளை கொஞ்சம் பரவாயில்லை. அண்டர்கிராவல் ஃபில்டர் (சரளைக்கு அடியில் தட்டு வைத்து, கல் வழியாகத் தண்ணீரை இழுப்பது) ஓடிய தொட்டியாக இருந்தால் மட்டும் அது முழு மதிப்புள்ளது, அங்கே கல்தான் ஃபில்டரே.

பாட்டில் பாக்டீரியாவில் லேபிளைப் படியுங்கள். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா என்று இருந்தால் வேலைக்கு ஆகும் சரக்கு. ஆனால் இவை தடித்த உறை கொண்ட வித்தாக மாறி உறங்கத் தெரியாத உயிர்கள், வெயில் தாங்காது. ஏசி இல்லாத கடை அலமாரியில் ஏப்ரல், மே இரண்டையும் பார்த்த பாட்டிலில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பேசில்லஸ் மட்டும் இருந்தால் அது வெயிலைத் தாங்கும், கசடை மக்கவைக்கும். அம்மோனியா வேலைக்கு அதை நம்ப முடியாது.

மீனில்லாமல் அம்மோனியா ஊட்டி வளர்ப்பது நேர்மையான வழி, பொறுமை மட்டும் வேண்டும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடுதான், ஆனால் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு வேண்டாம், கலப்படம் இருக்கும். ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 10 கிராமைக் கரைத்து மொத்தம் 500 மி.லி. ஆக்கி வைத்துக்கொண்டால் அளப்பது சுலபம். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் கல், மேல் இடைவெளி போக 50 லிட்டர் நிற்கும். அதற்கு 16 மி.லி. கரைசல் ஊற்றினால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்). சென்னைச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை, 28–30 டிகிரி பாக்டீரியாவுக்குத் தோதானது. பலர் சறுக்குவது தண்ணீரில்: மீனுக்கு நல்லது என்று நினைத்து ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவார்கள். இந்தப் பாக்டீரியாவுக்குக் காரத்தன்மை தேவை. அது தீர்ந்தால் பிஹெச் சரிந்து எல்லாம் பாதியில் நின்றுவிடும். போர் தண்ணீரில் அந்தக் குறை இல்லை. வேறு குறை இருக்கிறது: பிஹெச் 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அம்மோனியாவில் 7 சதவீதத்துக்கும் மேல் நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 7-இல் அது 1 சதவீதம்கூட இல்லை. “முதல்ல ரெண்டு மோலி விட்டுப் பாருங்க” என்ற யோசனை இங்கே ஏன் மீனைச் சாகடிக்கிறது என்பது இதில் புரியும்.

இத்தனைக்கும் மேலே நிற்பது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்ச்தான். அதிலும் முறை உண்டு. மிகச் சிறந்தது, புது ஸ்பாஞ்ச் ஃபில்டரை நண்பரின் தொட்டியில் மூன்று நான்கு வாரம் கூடவே ஓடவிட்டு அப்படியே தூக்கி வருவது. அவசரமென்றால் அவருடைய ஃபில்டர் மீடியாவில் (ஸ்பாஞ்ச், ரிங்) மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்கலாம். அதைத் தாண்டினால் அவர் தொட்டி தள்ளாடும். ஸ்பாஞ்சைப் பிழிந்து பழுப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றுவது விதை போடுவதுதான், அறுவடையில்லை. ஓரிரு வாரம் மிச்சமாகலாம்.

கொண்டுவரும் வழியில்தான் பாதி பாழாகிறது. கவரில் தண்ணீர் ததும்ப நிரப்பி இறுக்கிக் கட்டினால் உள்ளே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தால் போதும்; அடியில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர், மேலே நிறையக் காற்று. கொளத்தூரிலிருந்து தாம்பரம் போவதானால் வண்டிப் பெட்டியில் வெயிலில் வேகவிடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபில்டரில் மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது, குளோரின் கொன்றுவிடும். புதுத் தொட்டித் தண்ணீரிலும் முன்கூட்டியே ஆன்டி குளோரின் போட்டிருக்க வேண்டும்.

இதன் பலவீனங்கள் இரண்டு. ஒன்று நோய்: வெள்ளைப் புள்ளி, நத்தை, புழு எல்லாம் இலவசமாகக் கூடவே வரும். தினமும் புதுச் சரக்கு இறங்கும் கடைத் தொட்டியின் ஸ்பாஞ்சை விட, ஓரிரு மாதமாகப் புது மீன் சேராத வீட்டுத் தொட்டியினுடையது மேல். இன்னொன்று கொள்ளளவு. பத்து கப்பியின் கழிவைச் சமாளித்த ஸ்பாஞ்ச் அந்தப் பத்து கப்பிக்குத்தான் போதும். அதை நம்பி நான்கு கோல்டுஃபிஷ் விட்டால் தண்ணீர் கெட்டுப்போகும். அதனால் மீன் விடும்முன் மேலே சொன்ன கரைசலில் 8 மி.லி. ஊற்றுங்கள், 1 பிபிஎம் ஆகும். 24 மணி நேரம் கழித்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமா என்று பாருங்கள். நைட்ரைட் மட்டும் மிச்சமிருந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். சோதனை தேறியதும் மீனை மறுநாளே விடுங்கள். சும்மா போட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கரண்ட் போய் சில மணி நேரம் மூடியே கிடந்தால் உள்ளே அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று போதும்.

மீனை ஏற்கெனவே விட்டுவிட்டு இதைப் படிப்பவர்களுக்கும் பழைய ஸ்பாஞ்ச் உதவும். இன்றே கொண்டுவந்து போடுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், அம்மோனியா 0.5 பிபிஎம் தொட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால் 10 லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு. அதன் குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியாக உள்ளே போகவிடாமல் தடுக்கும்.